வயிற்றுக்கு இதமான திரிபலா சூரணம்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

அறுவடை முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற போதுதான் நம்மில் பலருக்கு உடம்பைப் பற்றிய நினைவே வருகிறது. அதுவரை வயல், வரப்பு, மாடு, கன்று என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். கிராமங்களுக்குப் போகும்போது பயிரைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, "சார், பசியே எடுக்க மாட்டேங்குது, காலையிலே வெளிக்குப் போறதே சிரமமா இருக்கு, நாட்டு மருந்துக் கடையிலே ஒரு பொடி வாங்கிச் சாப்பிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் கேட்கிற பொடி திரிபலா சூரணமாகத்தான் இருக்கும்.

நான் வைத்தியர் இல்லை. ஆனாலும் இந்தச் சூரணத்தைப் பற்றி ஒரு விவசாய அலுவலர் பேசுவதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால், இந்தப் பொடி நல்லதா கெட்டதா என்பது பாதிக்கு மேல் முடிவாவது மரத்தடியிலும் உலர்த்தும் களத்திலும்தான். நெல்லையும் நிலக்கடலையையும் மிளகாயையும் காயவைத்துப் பழகிய உங்களுக்கு அந்த வேலை புதிதல்ல. மீதிப் பாதி, எவ்வளவு சாப்பிடுவது, யார் சாப்பிடக் கூடாது, எப்போது பொடியை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவது என்கிற விவரங்களில் இருக்கிறது. இரண்டையும் இன்றைக்குப் பார்ப்போம்.

மூன்று காய்கள்

திரிபலா என்றால் மூன்று கனிகள் என்று பொருள். பலாப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் இது. ஆயுர்வேதத்திலும் நம்முடைய சித்த வைத்தியத்திலும் இரண்டிலுமே இந்தச் சூரணம் உண்டு.

கடுக்காய் மரமும் தான்றி மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த காட்டு மரங்கள். கொல்லிமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடுக்காயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பனிக்காலம் முடிந்து வெயில் ஏறுகிற மாதங்களில் அது பழுத்து உதிரும். நெல்லி நம் தோட்டத்திலேயே வருகிற மரம். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த பி.எஸ்.ஆர்.1 ரகத்தைப் பயிர் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். நாட்டு மருந்துக் கடையில் நெல்லிமுள்ளி என்று கொடுக்கிறார்களே, அது கொட்டை நீக்கிக் காயவைத்த நெல்லிக்காய்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். திரிபலா வேறு, திரிகடுகு வேறு. திரிகடுகு என்பது சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது. அது காரம், உஷ்ணம். மந்தத்துக்கும் சளிக்கும் கொடுப்பார்கள். திரிபலா துவர்ப்பு, மலத்தை இளக்கும். பெயர் இரண்டும் 'திரி' என்று தொடங்குவதால் கடையில் ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் எரிச்சல் இருக்கிறவர் திரிபலா என்று நினைத்துத் திரிகடுகைச் சாப்பிட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும். ஆகவே பொட்டலத்தை வாங்கும்போதே துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். திரிபலா என்றால் துவர்ப்பும் புளிப்பும்தான் முதலில் தெரியும். காரம் தெரியாது.

துவர்ப்பு என்ன செய்கிறது?

கடுக்காயை மருந்தாக மட்டும் நம் முன்னோர்கள் உபயோகிக்கவில்லை. தோல் பதனிடக் கடுக்காய் போட்டார்கள். கலம்காரித் துணிக்குச் சாயம் பிடிக்கக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்தார்கள். பழைய சுண்ணாம்புக் கட்டிடங்களுக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தார்கள். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து எழுதுகிற மையும் செய்தார்கள். இத்தனைக்கும் காரணம் அதிலே இருக்கிற துவர்ப்புச் சத்து. விஞ்ஞானத்தில் அதை டானின் என்பார்கள். நெல்லியிலும் தான்றியிலும்கூட இது உண்டு.

இந்த டானின் ஒரு பக்கம் குடலின் உட்பரப்பைச் சற்று இறுக்குகிறது. இன்னொரு பக்கம் கடுக்காயில் உள்ள வேறு சில பொருள்கள் குடலை இளக்கி மலத்தை நகர்த்துகின்றன. பேதி மாத்திரை போலப் பிய்த்துக்கொண்டு போகாமல் மெதுவாக வேலை செய்வதுதான் இந்தச் சூரணத்தின் குணம். மலச்சிக்கலுக்கு இது உதவுகிறது என்று மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் சிறிய ஆய்வுகள். ஆகவே மலம் இளகுவதற்கும், அதனால் வருகிற வயிற்று உப்புசம், மந்தம் குறைவதற்கும் இது நல்ல துணை என்ற அளவில் நம்புங்கள். சர்க்கரை, மூட்டுவலி, கண் பார்வை, புற்றுநோய் என்று எல்லாவற்றையும் இது தீர்க்கும் என்று யாராவது சொன்னால் அவர் பொடி விற்கிறவரா என்று கொஞ்சம் பார்த்துக் கொள்ளுங்கள்.

காய் வாங்கும்போது

முடிந்தவரை பொடியாக வாங்காதீர்கள். முழுக் காயாக வாங்குங்கள். பொடியில் என்ன கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முழுக் காய் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்.

கடுக்காய் கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற காய்தான் நல்ல காய் என்பது பழைய வைத்தியர்கள் வைத்த கணக்கு. மூழ்கிய காயைத் துடைத்து மறுபடியும் வெயிலில் போட்டுவிடுங்கள். ஊசிக் குத்தியதுபோல் துளை இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று அர்த்தம். தட்டினால் மாவு கொட்டும். அதைத் தள்ளிவிடுங்கள். தான்றிக்காயிலும் இதே சோதனைதான். நெல்லிமுள்ளி கருப்பாக, பிசுபிசுப்பாக, பூஞ்சணம் பூத்து இருந்தால் விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

மலையில் போய்ப் பொறுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உதிர்ந்த காயைப் பொறுக்குங்கள். காய்க்காகக் கிளையை வெட்டிச் சாய்த்தால் அடுத்த வருஷம் உங்களுக்கே காய் கிடையாது. சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கிற உரிமை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் மலைவாழ் மக்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போவதே மரியாதை.

உலர்த்துவதில்தான் சூட்சுமம்

இப்போது நம்முடைய சொந்த வேலைக்கு வருவோம். பச்சை நெல்லிக்காயில் 100-க்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ காயைக் கொட்டை நீக்கிக் காயவைத்தால் 150 முதல் 200 கிராம் வரைதான் தேறும். இந்தத் தண்ணீரைச் சீக்கிரமாகவும் முழுமையாகவும் வெளியேற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

பூஞ்சணத்தை அலட்சியமாக நினைக்கக் கூடாது. நிலக்கடலையில் பச்சையும் மஞ்சளுமாகப் பிடிக்கிற பூஞ்சணத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அப்ளாடாக்ஸின் என்கிற விஷத்தை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்துப்போன போதுதான் இந்த விஷம் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அவை தின்றது பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கு. நம் நாட்டிலேயே 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். சமையல் சூட்டில் இந்த விஷம் போகாது. வெயிலில் மறுபடி காயவைத்தாலும் பூஞ்சணம் சாகுமே தவிர விஷம் அப்படியே நிற்கும். சரியாகக் காயாத மருந்துச் சரக்கிலும் இதே பூஞ்சணம் பிடிக்கும். வயிறு சரியாக வேண்டும் என்று சாப்பிடுகிற பொடியிலே ஈரலைக் கெடுக்கிற விஷம் இருந்தால் என்ன பிரயோஜனம்?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நெல்லிக்காயை நன்றாகக் கழுவி, ஈரம் துடைத்து, துருப்பிடிக்காத கத்தியால் சுளை சுளையாக நறுக்கிக் கொட்டையை எடுத்துவிடுங்கள். கட்டிலின் மேலோ, பரணின் மேலோ, தரையிலிருந்து உயரமாக ஒரு வெள்ளைத் துணியை விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மேலே மெல்லிய துணியால் மூடினால் ஈயும் தூசியும் அண்டாது. சாயங்காலம் பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். தினமும் ஒரு தரமாவது புரட்டி விடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். கடையில் நல்ல நெல்லிமுள்ளியாக வாங்கிக் கொள்ளலாம்.

தார் ரோட்டில் போட்டு உலர்த்தாதீர்கள். சோளத்தையும் எள்ளையும் ரோட்டில் காயவைக்கிற பழக்கத்தையே விடச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டு வருகிறோம். மருந்துச் சரக்குக்கு அது கூடவே கூடாது. வண்டிகளின் எண்ணெயும் புகையும் டயர் தூசியும் அதில் ஒட்டும். அதேபோல உரச் சாக்கையும் பூச்சிமருந்து வைத்திருந்த பாலிதீன் தாளையும் விரிப்பாக உபயோகிக்க வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் மருந்தின் மிச்சம் அதில் இருக்கும்.

காய்ந்தது எப்படித் தெரியும்? ஒரு சுளையை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. 'மடக்' என்று ஒடிந்தால் பக்குவம் வந்துவிட்டது.

இடிப்பதும் சலிப்பதும்

சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று கிராமத்தில் சொல்லுவார்கள். அதாவது சுக்கில் மேல்தோலைச் சுரண்டி எறிய வேண்டும். கடுக்காயில் உள்ளே இருக்கிற கொட்டையை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் எடுக்க வேண்டும். தான்றிக்காயிலும் கொட்டையும் பருப்பும் ஆகாது. மேல் சதை மட்டும்தான் மருந்து.

மூன்றும் சம எடை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழுக் காயாக நிறுத்துச் சம எடை எடுக்கக் கூடாது. கடுக்காயில் கொட்டை பெரியது, நெல்லிமுள்ளியில் கொட்டையே இல்லை. அப்படி நிறுத்தால் நெல்லி கூடிப்போகும், கடுக்காய் குறைந்துபோகும். கொட்டை நீக்கிய பிறகுதான் நிறுக்க வேண்டும். தலா 50 கிராம் எடுத்தால் 150 கிராம் சூரணம். ஒரு வேளைக்கு 3 கிராம் என்று வைத்துக் கொண்டால் சுமார் 50 வேளைக்கு வரும். சலிக்கும்போது கொஞ்சம் கப்பி கழியும்.

உடைப்பதற்கும் இடிப்பதற்கும் கல் உரலும் மர உலக்கையும் உபயோகியுங்கள். பூண் போட்ட உலக்கை வேண்டாம். இரும்பு உரல் கூடாது. முன்னே சொன்னேன் அல்லவா, கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் மை ஆகும் என்று? அன்னபேதி என்பது இரும்பு உப்பு. இரும்பு உரலில் ஈரப் பதமுள்ள கடுக்காயை இடித்தால் அதேபோல நிறம் கறுத்துப்போகும். துருப்பிடிக்காத பிளேடு உள்ள மிக்ஸி இருந்தால் தாராளமாக அரைக்கலாம். ஆனால் விட்டு விட்டு அரையுங்கள், ஜார் சூடேறக் கூடாது. ஊரிலுள்ள மாவு மில்லில் மிளகாய் அரைத்த கையோடு இதைக் கொட்டி அரைக்காதீர்கள். மிளகாய்க் காரமும் சேர்ந்து வந்துவிடும்.

பிறகு மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். வைத்தியர்கள் இதை வஸ்திரகாயம் செய்வது என்பார்கள். நைசாக இருந்தால்தான் வயிற்றுக்கு இதம். கப்பியாக இருந்தால் தொண்டையில் ஒட்டும்.

வைப்பதற்குக் கண்ணாடி பாட்டிலே சிறந்தது. இரும்பு டப்பா வேண்டாம். ஈரக் கரண்டி போடக் கூடாது. பாட்டிலின் மேல் அரைத்த தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வையுங்கள். சாரங்கதர சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல், சூரணம் இரண்டு மாதத்தில் வீரியம் குறைந்துவிடும் என்று சொல்லுகிறது. ஆகவே வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் இடித்து வைக்க வேண்டாம். காயாக வையுங்கள், வேண்டும்போது கொஞ்சமாக இடித்துக் கொள்ளுங்கள்.

கடையில் பொடியாகவேதான் வாங்க முடியும் என்கிறவர்கள் தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அச்சடித்திருக்கிற டப்பாவாக வாங்குங்கள். 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த மருந்து தயாரிக்கிறவர்களுக்கும் லைசென்ஸ் உண்டு. பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் லேபிள் இல்லாமல் விற்கிற பொடியை, எத்தனை பேர் புகழ்ந்தாலும் வாங்காதீர்கள்.

எவ்வளவு, எப்போது?

முதலில் அரை டீஸ்பூன். இரவுச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெந்நீரில் கலக்கிக் குடிக்கலாம். துவர்ப்பு பிடிக்காதவர்கள் சிறிது தேன் சேர்த்துக் கொள்ளலாம். நாலைந்து நாளில் மலம் இளகவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் வரை போகலாம். பெரியவர்களுக்கு 3 முதல் 6 கிராம் வரை கொடுப்பது வழக்கம். அதற்கு மேல் வைத்தியர் சொன்னால் மட்டும்தான்.

பேதி ஆகத் தொடங்கினாலோ, வயிற்றைப் பிசைந்தாலோ உடனே நிறுத்துங்கள். வேலை செய்கிறது என்று சொல்லி விடாமல் சாப்பிட்டால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் போய்விடும். கோடையில் வயலில் நிற்கிறவர்களுக்கு இது ரொம்ப ஆபத்து. இரண்டு மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திப் பாருங்கள். பொடி இல்லாமல் வயிறு தானாகவே வேலை செய்யப் பழக வேண்டும்.

சிலருக்கு இது வேண்டாம். கர்ப்பிணிப் பெண்கள் சாப்பிடக் கூடாது. பால் கொடுக்கிற தாய்மார்களும் சிறு குழந்தைகளும் வைத்தியரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. ஏற்கெனவே வயிற்றுப்போக்கு இருக்கிறவர்களுக்கு ஆகாது. சர்க்கரை நோய்க்கும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தாலும் அப்படியே. ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் மாத்திரைக்கும் இந்தப் பொடிக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். உரலில் நடந்த கதைதான் வயிற்றிலும் நடக்கும். துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டால் மாத்திரை ரத்தத்தில் சேராது.

நிறைய ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வதற்குக் காசு செலவில்லை.

வேரைப் பார்க்க வேண்டும்

இலை மஞ்சளாகிவிட்டது என்றால் உடனே யூரியாவை வீசாதீர்கள், வேரைப் பாருங்கள், தண்ணீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! வயிற்றுக்கும் அதே நியாயம்தான். மலச்சிக்கல் ஏன் வந்தது என்று பார்க்காமல் பொடியை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் பிரயோஜனம் இல்லை.

வெயிலில் வேர்வை சிந்தி வேலை செய்கிறோம், ஆனால் போதுமான தண்ணீர் குடிப்பதில்லை. குறிப்பாகப் பெண்கள். நடவுக்கும் களைக்கும் போகிற தாய்மார்கள் ஒதுங்க இடம் இல்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். வந்த மலத்தையும் சிறுநீரையும் அடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை நிற்கிறார்கள். இப்படி வருஷக்கணக்கில் அடக்கினால் குடல் தன் உணர்ச்சியையே இழந்துவிடும். எந்தச் சூரணமும் இதைச் சரிசெய்யாது. தோட்டத்திலே மோட்டார் கொட்டகைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். அதன் பக்கத்திலேயே ஒரு சின்னக் கழிப்பறை கட்டி வைத்தால், வேலைக்கு வருகிற பெண்களுக்குப் பெரிய உபகாரம். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கம்பும் கேழ்வரகும் சாப்பிட்ட வீடுகளில் இப்போது மூன்று வேளையும் தீட்டிய அரிசிச் சோறு. கீரை விற்பதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது. வெறும் வயிற்றில் டீ, வாயில் புகையிலை, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு. உடம்பு வலிக்கிறது என்று பெட்டிக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்கிறோம். அந்த மாத்திரைகளில் பல இரைப்பையைப் புண்ணாக்கும். புண்ணான வயிற்றுக்கு மறுபடி ஒரு பொடி. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர வேண்டும்.

பொடியை நம்பி உட்காரக் கூடாத நேரங்கள்

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டிலுள்ள எல்லோரும் கவனித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று, மாரடைப்பு. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல் அழுத்துகிறது, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவுகிறது, குப்பென்று வேர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது வாயுக் குத்து என்று நினைத்துச் சூரணம் கலக்கிக் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் நெஞ்சு வலியே இல்லாமல், மேல் வயிற்றில் ஒரு சங்கடம், குமட்டல், களைப்பு என்று மட்டும்கூட வரும். அடைத்துக் கொண்ட ரத்தக் குழாயை எந்தப் பொடியும் திறக்காது. ஒவ்வொரு நிமிஷமும் இருதயத்தின் தசை செத்துக்கொண்டே இருக்கும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008-லிருந்து இந்த ஆம்புலன்ஸ் ஓடுகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது.

இரண்டு, பூச்சிமருந்து. மருந்து அடித்துவிட்டு வந்த அன்றைக்கு வயிற்று வலி, வாந்தி, எச்சில் ஒழுகுதல், வேர்வை, கண் மங்கல் வந்தால் அது அஜீரணம் இல்லை. மருந்து உடம்பில் ஏறியிருக்கிறது. போட்டிருக்கிற துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவை லேபிளோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். லேபிளைப் பார்த்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்தைக் கொடுக்க முடியும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மூன்று, அடிவயிற்றின் வலது பக்கம் கடுமையான வலி, கூடவே காய்ச்சல், வாந்தி. அது குடல்வால் வீக்கமாக இருக்கலாம். வயிறு உப்பி, மலமும் காற்றும் அறவே போகாமல் வாந்தி எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். இந்த இரண்டிலும் மலமிளக்கி எதுவுமே கொடுக்கக் கூடாது. குடல் கிழிந்துவிடக்கூடும்.

நான்கு, ஆறாத வயிற்றுப் புண். இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள் 1982-ல் அதற்கு ஒரு கிருமி காரணம் என்று கண்டார்கள். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, வயிற்றுக் கோளாறு வந்து, அதை நிரூபித்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு இரண்டு வார மருந்தில் இந்தக் கிருமியைப் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். இது தெரியாமல் வருஷக்கணக்கில் பொடி சாப்பிட்டு வயிறு எரிந்து கொண்டிருப்பது வீண் கஷ்டம்.

ஐந்து, சத்தமில்லாமல் வருகிற நோய். மலத்தில் ரத்தம், தார் போல் கறுத்த மலம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, சோறு விழுங்கும்போது அடைப்பது, 45, 50 வயதுக்கு மேல் திடீரென்று மலம் போகிற பழக்கம் மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். மூலமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். குடல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் குணப்படுத்த முடியும். சூரணம் சாப்பிட்டு ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

"அப்படின்னா இந்தப் பொடியாலே பிரயோஜனமே இல்லீங்களா?" என்று கேட்காதீர்கள். பிரயோஜனம் இருக்கிறது. வேப்பங்கொட்டைக் கரைசல் நல்ல மருந்துதான். ஆனால் பூச்சி ஆரம்ப நிலையில் இருக்கும்போது அடிக்க வேண்டும். வயல் முழுக்கப் புழு தின்று தீர்த்த பிறகு அடித்து, மருந்து கேட்கவில்லை என்று சொல்லி என்ன லாபம்? திரிபலாவும் அப்படித்தான். சாதாரண மலச்சிக்கலுக்கு, நல்ல காயில், நன்றாகக் காய்ந்து, சுத்தமாக இடித்து, அளவாகச் சாப்பிட்டால் அது நமக்கு நல்ல துணை.

கடைசியாக ஒரு யோசனை. கொல்லையில் இடம் இருக்கிறவர்கள் ஒரு நெல்லிக் கன்றாவது நட்டு வையுங்கள். வறட்சியைத் தாங்கும். களர் நிலத்திலும் ஓரளவு வரும். ஒட்டுக் கன்றாக இருந்தால் சில வருஷங்களில் காய்க்கத் தொடங்கிவிடும். ஒரு நெல்லிக்காயில் ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. பொடிக்கு ஆகாவிட்டாலும் பிள்ளைகள் உப்புத் தொட்டுத் தின்பார்கள்.

காயவைத்த சுளை 'மடக்' என்று ஒடிகிறதா, கொட்டை நீக்கி நிறுத்தோமா, பாட்டிலில் தேதி எழுதியிருக்கிறதா, வயிற்றுக்கு வந்திருப்பது பொடியில் தீருகிற கோளாறுதானா, இந்த நாலையும் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நெல்லிக் கன்று பற்றிய சந்தேகம் என்றால் அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலகத்துக்கு வாருங்கள்.